சேஷனின் வியாழக்கிழமைகள்

என் கணவர் சேஷன் வியாழக்கிழமைகளில் காபி குடிக்க மாட்டார்.

காபி மட்டுமல்ல. அன்றைக்கு ஊறுகாய் கிடையாது. வெங்காயம், பூண்டு கிடையாது. பெருங்காயம்கூட வேண்டாம் என்பார். பற்பசையைத் தொடாமல் உப்பை விரலில் எடுத்துப் பல் தேய்ப்பார். காலையில் இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல். மத்தியானத்துக்குத் தயிர் சாதம், அதிலும் தாளிப்பு இருக்கக் கூடாது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து தலைவலியோடு வருவார். வந்ததும் பெரிய டம்ளர் நிறையக் காபி. அத்தோடு அந்த வாரத்து விரதம் முடிந்தது.

விரதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் இடித்தது. சேஷனுக்குப் பக்தி குறைவு. வாசனை மேல் ஆசை அதிகம். குளித்ததும் ஜவ்வாது கலந்த சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் வெளியே கிளம்ப மாட்டார். அப்படிப்பட்டவர் வியாழக்கிழமை மட்டும் வெறும் நெற்றியோடு போவார். சந்தனம் கூடாது என்று சொல்கிற விரதம் எந்தச் சாமிக்கு? நான் அறிந்தவரையில் அப்படி ஒன்று இல்லை. பல வருஷம் இதை யோசித்திருக்கிறேன்.

கேட்கவில்லை. நேர்ந்துகொண்டவரிடம் எதற்காக என்று கேட்டால் பலன் போய்விடும் என்று வளர்த்திருந்தார்கள். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை, "இது என்ன, விரதமா?" என்று மட்டும் கேட்டேன். குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தவர், "அப்படித்தான் வெச்சுக்கோயேன்" என்று சிரித்தார்.

எதற்காக என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எழுபத்தொன்பதில் எனக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆயிற்று. பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். பிழைத்து வீட்டுக்கு வந்த அந்த மாதத்தில்தான் வியாழக்கிழமைகள் தொடங்கின. ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பார்த்துக்கொண்டு, கோயிலுக்கு நான் இழுத்தால் மட்டும் வருகிற மனிதர், எனக்காக ஒன்றை விட்டிருக்கிறார். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் இருந்த நாட்களில்கூட, வியாழக்கிழமை வந்தால் எனக்கு மனசு இளகிவிடும்.

அடுத்த வருஷம் நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு வியாழக்கிழமை எனக்கும் காபி கலக்கவில்லை. அடுப்பில் பால் இல்லாததைப் பார்த்தார்.

"உனக்கு எங்கே?"

"எனக்கும் இன்னிக்கு வேண்டாம்."

"நீ எதுக்கு?"

"நீங்க எதுக்கோ, நானும் அதுக்குத்தான்."

கையில் டிபன் பாக்ஸோடு அப்படியே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவர் போனார். நான் வியாழக்கிழமைகளை விடவில்லை. அவர் எனக்காக இருந்த விரதத்தை இப்போது நான் அவருக்காக இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு.

மூன்று வருஷம் கழித்து, பிப்ரவரி மாதம், காமாக்ஷி போன் செய்தாள்.

காமாக்ஷி, அருக்காணி, நான் மூவரும் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குடியிருப்பில் ஒரே படிக்கட்டில் இருபது வருஷம் வாழ்ந்தவர்கள். காமாக்ஷி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு ஜனக்புரிக்குப் போய்விட்டாள். நான் மயூர் விஹாரில் இருந்தேன். அருக்காணியின் கணவர் பாலசுப்ரமணியத்துக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்ததால் அவள் மட்டும் அதே வீட்டில் இருந்தாள். மாதத்தில் ஒரு நாள் மூன்று பேரும் சேர்ந்து எங்கேயாவது போய்ச் சுற்றுவது வழக்கம். ரயில் மியூசியம், பறவை ஆஸ்பத்திரி, துக்ளகாபாத் கோட்டை எல்லாம் அப்படிப் பார்த்ததுதான்.

"இந்தத் தடவை ஒயின்" என்றாள் காமாக்ஷி.

அவள் பெண் சுஷ்மா ஓர் ஒயின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காமாக்ஷி வெளியில் அதைப் பழரசக் கம்பெனி என்று சொல்லிவந்தாள்.

"பெரிய ஹோட்டல்ல நடத்தறதுக்கு முன்னாடி ஒத்திகை பார்க்கணுமாம். ஒண்ணுமே தெரியாதவா நாலு பேர் உட்காரணுமாம். நம்மளைவிடத் தெரியாதவாளை இந்த தில்லியில எங்கே போய்த் தேடுவா, சொல்லு."

"வியாழக்கிழமைடி."

"உன் விரதத்துல காபி கூடாது, பூண்டு கூடாது, ஊறுகாய் கூடாது. ஒயின் கூடாதுன்னு எங்கேயாவது இருக்கா? வாடி. என் பெண் என்ன வேலைதான் பண்றான்னு ஒரு தடவை கண்ணால பார்த்துடறேன். தனியாப் போக பயமா இருக்கு."

வேடிக்கை பார்க்கும் ஆசை எனக்கு எப்போதுமே உண்டு. சரி என்றேன்.

காலையில் இந்தியா கேட் பக்கத்தில் இருக்கும் தேசிய ஓவியக் கூடத்தில் சந்தித்தோம். வெயில் இதமாக இருந்தது. புல்வெளி ஓரத்தில் டேலியாக்கள் தட்டு தட்டாகப் பூத்திருந்தன. அருக்காணி தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதில் தண்ணீர், ஸ்வெட்டர், பிஸ்கட், இன்னும் என்னென்னவோ.

உள்ளே நாங்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் பெயரை ஊகிக்க வேண்டும். ஒரு படத்தில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிமூட்டை.

"புருஷன் அடிச்சு வெரட்டிட்டான்" என்றாள் காமாக்ஷி.

"இல்லீங்க்கா. மூட்டையைப் பாருங்க, எத்தனை நேர்த்தியாக் கட்டியிருக்குதுன்னு. வெரட்டுனவ இப்படிக் கட்டுவாளா? பொறந்த ஊட்டுக்குப் போறா, வண்டி வரலை" என்றாள் அருக்காணி. அவளுக்குக் கோபிசெட்டிபாளையம். தில்லியில் இருபத்தைந்து வருஷம் இருந்தும் அந்தப் பேச்சில் ஒரு சொல் உதிரவில்லை.

"வயித்துவலி" என்றேன் நான்.

சீட்டில் 'சலவைக்காரி' என்று போட்டிருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தால், மூட்டை அழுக்குத்துணி மூட்டையாகிவிட்டது. அவள் வயிறு வெறுமனே ஈரக்கையைத் துடைத்துக்கொள்ளும் இடமாகிவிட்டது. இவ்வளவு நேரம் நான் பார்த்த வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த அறையில் நாலைந்து படங்களுக்கு வரிசையாகத் 'தலைப்பில்லாதது' என்று இருந்தது.

"இதென்னுங், அத்தனை நாள் உக்காந்து வரைஞ்சவிங்க, ஒரு பேர் வைக்கறதுக்குச் சோம்பேறித்தனமா?" என்று அருக்காணி கேட்டது கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி உதட்டில் விரலை வைத்தார். காமாக்ஷி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள்.

சாப்பாட்டுக்குத் தில்லி ஹாட் சந்தைக்குப் போனோம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கடை. பிஹார்க் கடையில் லிட்டி வாங்கினோம். கரியில் சுட்ட மாவு உருண்டையை நெய்யில் முக்கித் தருவார்கள். கூடவே கடுகெண்ணெயும் பூண்டும் போட்டுப் பிசைந்த கத்தரிக்காய். நான் உருண்டையை மட்டும் நெய்யில்லாமல் கேட்டதும் கடைக்காரர் இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார். அருக்காணி பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நேத்துத்தான் போட்டேனுங். பூண்டு ஊறுகாய். ஒரே ஒரு பல்லு."

"வியாழக்கிழமை, அருக்காணி."

"எந்தச் சாமீங்க்கா அது, பூண்டு ஊறுகாய்க்குக் கோவிச்சுக்கறது?"

"விடு. அவளுக்கு வேண்டாம்னா எனக்கு ரெண்டு பல்லாப் போடு" என்று காமாக்ஷி தட்டை நீட்டினாள். கும்பகோணத்தில் பூண்டு வாசனையே தெரியாமல் வளர்ந்தவள். ஜனக்புரிக்குப் போனபின் எல்லாம் பழகிவிட்டது. "இந்தக் கடுகெண்ணெய் நாத்தத்துக்கு சேஷன் இருந்தா மேஜையை விட்டே எழுந்து ஓடியிருப்பார், இல்லையாடி? என்ன மூக்கு அது. மாடியில உட்கார்ந்துண்டு, காமாக்ஷி, உங்காத்துப் பால் அடிப்பிடிக்கப் போறதுன்னு கத்துவாரே."

"கடைசியில அந்த மூக்குதான் போயிடுத்தே" என்றேன்.

தொண்ணூற்றிரண்டில் சைனஸுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். நீர் வடிவது நின்றது, வாசனையும் அதோடு நின்றுவிட்டது. பிறகு சந்தனம் இட்டுக்கொள்வதுகூடப் பழக்கத்துக்காகத்தான். குழம்பை வாயில் வைக்கும் முன், "நன்னா வாசனையா இருக்கா?" என்று என்னைக் கேட்பார். ஆய்வுக்கூடத்திலும் அவரை வேறு கட்டடத்தில் ஸ்டோர் பொறுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

சுஷ்மாவின் ஒத்திகை ஹௌஸ் காஸ் பகுதியில். ஆட்டோ பிடித்துப் போனோம். பழைய குளத்தைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன ஓவியக் கடை, அதன் மாடியில் ஹால். சுவரெல்லாம் விற்பனைக்கு இருந்த படங்கள். நீள மேஜையில் வெள்ளைத் துணி. ஒவ்வொருவர் முன்பும் மூன்று கண்ணாடிக் கோப்பைகள், ஒரு தட்டில் ஒன்றுமே தடவாத ரொட்டித் துண்டுகள், தண்ணீர். இருவருக்கு ஒன்றாகச் சின்ன எவர்சில்வர் வாளி. எங்களைத் தவிர ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாரும் அவள் ஆபீஸ்காரர்கள்.

சுஷ்மா கறுப்புக் கோட்டில் நின்றாள். தலையை இறுக்கி வாரியிருந்தாள். சிறுவயதில் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து எங்கள் வீட்டு வாசலில் அழுத பெண். அவள் அம்மா முகத்தை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். காமாக்ஷி கோட்டையும் பார்க்கவில்லை, பாட்டில்களையும் பார்க்கவில்லை. பெண் அணிந்திருந்த செருப்பின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாளி எதுக்குங்?" என்று அருக்காணி கேட்டாள்.

"துப்பறதுக்கு ஆன்ட்டி. வாயில வெச்சு, ருசி பார்த்துட்டு, துப்பிடணும்."

"துப்பறதுக்கா இத்தனை பாடு?"

"ரெண்டு பேருக்கு ஒரே வாளியா?" என்று காமாக்ஷி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "எச்சில்டி சுஷ்மா. நடுமேஜையில வெச்சிருக்கே, பக்கத்துல ரொட்டி வேற."

"அம்மா, ப்ளீஸ்."

முதல் ஒயின் வெள்ளை. எல்லாரும் கோப்பையைச் சுழற்றி முகர்ந்தார்கள். நாங்களும் சுழற்றினோம். அருக்காணி சுழற்றியதில் பாதி மேஜைத் துணிக்குப் போயிற்று. பிறகு குடிக்கும் நேரம் வந்தது. காமாக்ஷி வெகு நேரம் யோசித்தாள். கடைசியில் தலையை நிமிர்த்தி, கோப்பையை உதட்டில் படாமல் ஒரு சாண் உயரத்தில் தூக்கி, காபி டம்ளரைக் கவிழ்க்கிற மாதிரிக் கவிழ்த்தாள். அந்தக் கோப்பை வாய் குறுகி வயிறு பெருத்தது. வழி தெரியாமல் தேங்கிய ஒயின், ஒரே மொத்தமாக வந்து மூக்கிலும் மோவாயிலும் விழுந்து ரவிக்கைக்குள் போயிற்று.

"ஐயோ அம்மா! வாய் வெச்சுக் குடிக்கணும்! வாசனை மூக்குக்குப் போகணும்னுதானே கிளாஸே இந்த ஷேப்!"

"எத்தனை பேர் வாய் வெச்சதோ?"

"அலம்பினதும்மா!"

மேஜையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சுஷ்மாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது.

"என்ன வாசனை வருது, சொல்லுங்க" என்று எங்களைக் கேட்டாள்.

"பூண்டு ஊறுகாய்" என்றாள் அருக்காணி.

"எனக்கும்" என்றாள் காமாக்ஷி.

சுஷ்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மத்யானம் என்ன சாப்பிட்டேள்? நான் சொல்ல மறந்துட்டேன். டேஸ்டிங் இருக்கற நாள்ல நாங்க காலைலேர்ந்து காபியே தொட மாட்டோம். வெங்காயம், பூண்டு, ஊறுகாய், பெருங்காயம், குச் பி நஹி, ஒண்ணுமே கூடாது. டூத்பேஸ்ட்கூட வேண்டாம், அந்தப் புதினா நாக்கை விட்டுப் போகாது. நான் உப்பு வெச்சுத்தான் தேய்ப்பேன். அப்புறம் சென்ட், க்ரீம், அகர்பத்தி எதுவும் கூடாது. போன மாசம் ஒரு அங்கிள் சந்தன அத்தர் போட்டுண்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், டேபிள்ல இருந்த அத்தனை கிளாஸ்லயும் சந்தனம்தான்."

என் கை கோப்பையின் தண்டில் இருந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

"வைதேஹி ஆன்ட்டி, நீங்க காபி குடிச்சேளா?"

"இல்லை."

"பூண்டு?"

"இல்லை."

"அச்சா! அப்போ இந்த ரூம்லயே சரியா வந்திருக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லி, என் இரண்டாவது கோப்பையில் சிவப்பு ஒயினை ஊற்றினாள்.

குனிந்து முகர்ந்தேன். எனக்குத் தெரிந்த வாசனை. நாவல்பழமும் ஈரமரமும் கலந்த மாதிரி, அடியில் கொஞ்சம் புளிப்பு. வியாழக்கிழமை சாயங்காலங்களில் சேஷனின் கைக்குட்டையில் அது இருக்கும். சில சமயம் ஓரத்தில் வெளிறிய ஊதாக் கறையும். ஆய்வுக்கூடத்துக் கெமிக்கல் என்று நினைத்து, அதைத் தனியாகப் பிரித்து சோடாவில் ஊறவைப்பேன். அத்தனை வருஷம் என் கையால் துவைத்த வாசனை.

"சுஷ்மா, கவர்மென்ட் லேப்லயும் இப்படி உண்டா?"

"டேஸ்டிங்கா? கண்டிப்பா ஆன்ட்டி. பேனல்னு சொல்வா. பிஸ்கட், ஸ்க்வாஷ், டீ, ஒயின், எது வந்தாலும் மெஷின் சொல்றது பத்தாது, மனுஷா ருசி பார்த்துச் சொல்லணும். நல்ல மூக்கு இருக்கறவாளைப் பொறுக்கி எடுப்பா. வாரத்துல ஒரு நாள் அதுக்குன்னு வெச்சிருப்பா. ஏன் கேட்கறேள்?"

"சும்மாத்தான்."

சிவப்பை வாயில் வாங்கினேன். முதலில் குளிர்ச்சி, பிறகு கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி ஒரு துவர்ப்பு கன்னத்தைப் பிடித்து இழுத்தது. நாக்கு முழுக்கத் துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி காலியாக இருந்ததால், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வாளியைப் பார்த்தேன். சேஷன் துப்பியிருப்பார். அவருக்கு அது வேலை. நான் விழுங்கிவிட்டு எழுந்து மொட்டை மாடிப் பக்கம் போனேன்.

குளத்தில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருந்தது. கரையில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. காமாக்ஷியும் அருக்காணியும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். காமாக்ஷியின் ரவிக்கை இன்னும் ஈரமாக இருந்தது.

"என்னடி, தலை சுத்தறதா?"

"காமாக்ஷி, அது விரதமே இல்லைடி."

அவர்கள் இருவருக்கும் சேஷனின் வியாழக்கிழமைகள் தெரியும். சுஷ்மா சொன்னதையும் கேட்டிருந்தார்கள். ஆனால் இருவருமே அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல காமாக்ஷியின் வாய் திறந்துகொண்டே போயிற்று.

"உப்பு... சந்தனம்... அடப்பாவி மனுஷா" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஊரெல்லாம் அவரை மகான்னுதான் சொல்லிண்டிருந்தேன். என் நாத்தனார்கிட்டகூட, எங்க மாடியில ஒரு மனுஷர் இருக்கார்னு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"எனக்காக விரதம் இருக்கார்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றேன். "ஆபரேஷன் ஆன மாசம் ஆரம்பிச்சார். நான் பிழைச்சதுக்காகன்னு." வாய்விட்டுச் சொன்னதும் அது சின்னப்பெண் பேச்சு மாதிரி இருந்தது. "இருபது வருஷத்துக்கு மேல அப்படியே வெச்சுண்டிருந்தேன். அந்த மாசம் அவரைப் பேனல்ல போட்டிருக்கா, அவ்வளவுதான்."

காலையில் பார்த்த சலவைக்காரியின் மூட்டை ஞாபகம் வந்தது.

சுஷ்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, மூணாவது ஊத்தட்டுமா? கோபமா? போர் அடிக்கறதா?"

"நன்னா நடத்தறேடி" என்றாள் காமாக்ஷி, இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக. "இரு, வரோம்."

"தாங்க்ஸ்மா. போன வாரமே பண்ணியிருக்கணும். எனக்கு ஜலதோஷம். மூக்கு அடைச்சுண்டா எங்க வேலை ஜீரோ, லீவ் போட்டுட்டுப் படுக்கவேண்டியதுதான்." கதவு மூடிக்கொண்டது.

அருக்காணி மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, அண்ணனுக்கு மூக்கு போனது எப்பங்?"

"தொண்ணூத்திரெண்டு."

"அதுக்கப்புறம் ருசி பாக்கற வேலைக்கு எவன் வெச்சுக்குவான்?"

"வெச்சுக்கலை. ஸ்டோருக்கு மாத்திட்டா."

"அப்பறம் வெசாலக்கெழமை காபி குடிச்சாருங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். குடிக்கவில்லை. தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகும் இட்லி வெறுமனேதான். தயிர் சாதத்தில் தாளிப்பு இல்லை. கடைசி வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொண்டுவந்த காபியைக்கூட, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னிக்கு வியாழக்கிழமை" என்று திருப்பி அனுப்பினார்.

"ஆபீஸ்ல குடிச்சிருப்பார்டி. ஆம்பிளைகளை நம்பாதே" என்றாள் காமாக்ஷி. ஆறுதலாகச் சொல்வதாகத்தான் அவள் நினைப்பு.

"இல்லை. சாயங்காலம் வரும்போது தலைவலி இருக்கும். அமிர்தாஞ்சனத்தை நான்தான் தேய்ப்பேன். காபி குடிச்சிருந்தா அந்த வலி வராது."

"அப்ப எதுக்குங் குடிக்கலை?" என்று அருக்காணி விடாமல் கேட்டாள். அவளுக்கு எதையும் பாதியில் விடப் பிடிக்காது. "வேலையும் இல்லை. விரதமும் இல்லை. மனுசன் எதுக்காகக் காபியில்லாமக் கெடந்தாரு?"

கையில் டிபன் பாக்ஸோடு அவர் நின்ற நிலை எனக்கு அப்போது தெரிந்தது. நீ எதுக்கு? நீங்க எதுக்கோ, நானும் அதுக்குத்தான். சொல்ல வாயெடுத்து, பஸ்ஸைக் காரணம் காட்டிப் போனார். அன்று சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். அடுத்த வாரம் நானும் காபியில்லாமல் அவர் எதிரே உட்கார்ந்திருப்பேன். அதற்கடுத்த வாரமும். பக்தியோடு உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியிடம், 'அடியே, நான் ஒயினை ருசி பார்த்துத் துப்புகிறேன், அதற்காகத்தான்' என்று எந்த வாரம் சொல்வது? பிறகு மூக்கு போயிற்று, வேலை போயிற்று. சொல்லிவிட்டுக் காபி குடித்திருக்கலாம். எதிரே நான் இன்னும் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஒரு வாய்தானேடி குடிச்சே" என்று காமாக்ஷி பயந்துபோய் என் முதுகைத் தடவினாள்.

"நான் விரதம் இருக்கேன்னு அவர் இருந்திருக்கார்டி. அவர் இருக்கார்னு நான் இருந்தேன். ரெண்டு பேருக்கும் காபி கிடையாது."

அருக்காணிக்குப் புரிந்துவிட்டது. காமாக்ஷிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. ஈர ரவிக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேல் வெள்ளை ஒயினும் பூண்டும் சேர்ந்து நாறின.

உள்ளே போய் மூன்றாவதையும் ருசி பார்த்தோம். அது இனிப்பு. காமாக்ஷி வாய் வைத்தே குடித்தாள். இது தீர்த்தத்துக்கு ஆகும் என்று சொன்னாள். அருக்காணி, இதைவிட அவள் ஊர்ப் பனங்கள்ளு மேல் என்று சுஷ்மாவிடம் வாதாடினாள். சுஷ்மா அது எப்படி இருக்கும் என்று நிஜமாகவே கேட்டு, அந்தப் புளிப்பு நுரையிலா அடியிலா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது காமாக்ஷி ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "என் பெண் ஒயின் கம்பெனியில இருக்கா" என்றாள். அவர்கள் எல்லாருமே அதே கம்பெனிக்காரர்கள். தலையை ஆட்டிவைத்தார்கள்.

ஆட்டோவில் நேராக அருக்காணி வீட்டுக்கு வந்தோம். அதே படிக்கட்டு. எங்கள் பழைய வீட்டு வாசலில் வேறு யாரோ துளசித் தொட்டி வைத்திருந்தார்கள். காமாக்ஷி உரிமையோடு சமையலறைக்குள் போய் ஃபில்டரைத் தட்டிப் பார்த்து, டிகாக்ஷன் இருப்பதைக் கண்டுபிடித்தாள். வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது. சேஷன் வீடு திரும்பிக் காபி கேட்கிற நேரம் ஆகவில்லை.

காமாக்ஷி மூன்று டம்ளர்களை எடுத்துவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"எனக்கும் கல" என்றேன். "ஸ்ட்ராங்கா. அவருக்கும் சேர்த்து."

"வெசாலக்கெழமைங்க்கா" என்றாள் அருக்காணி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"தெரியும். அந்த ஊறுகாய் பாட்டிலையும் எடு."

"காபியோடவா?"

"காபி ஆனப்புறம். ராத்திரி இங்கேதான் சாப்பிடப்போறேன். தயிர் சாதம் பிசைஞ்சு வை. தாளிச்சு."

அருக்காணி பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மூடி இறுகியிருந்தது. மூன்று பேரும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தோம்.